சாப்பாட்டுக்கு வாய் திறக்காத பிள்ளை: வன்னித் தாய்மாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நேற்று வரை பூசணிக்காய்ச் சோற்றை ஆவலோடு வாங்கிய பிள்ளை இன்று கரண்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்புகிறது. வாயில் வைத்ததைத் துப்புகிறது, கிண்ணத்தைத் தட்டிவிடுகிறது. தாய் பாட்டுப் பாடுகிறாள். அம்மம்மா வேலியோரம் தூக்கிக்கொண்டு போய்க் காகம் காட்டுகிறார். அம்மப்பா போனில் படம் போட்டுக் கொடுக்கிறார். ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகும் கிண்ணம் பாதிகூட ஒழியவில்லை.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. இன்று பேரப்பிள்ளைக்குத் தீத்துகிற அம்மம்மாமார் பலர், 2009 இன் முதல் மாதங்களில் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள். பிறகு செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் சமைத்த சோற்றுக்குக் காத்திருந்தவர்கள். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான். பசித்து அழுத பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் தவித்த ஒருவருக்கு, சோறு இருக்கும்போது பிள்ளை வேண்டாம் என்று தலையைத் திருப்புவது தாங்க முடியாதது. "இன்னும் ஒரு வாய், ராசாத்தி" என்று அவர் கெஞ்சுவதை இந்த வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆனால் பிள்ளைக்கு அந்த வரலாறு தெரியாது. அதற்குத் தெரிந்தது தன் வயிறு மட்டுமே. என்ன உணவு, எப்போது, எங்கே இருந்து சாப்பிடுவது என்பவற்றைப் பெரியவர்கள் தீர்மானிக்கலாம். எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவைதான். 6 மாதம் தொடக்கம் 2 வயது வரையான பிள்ளைகளுக்காக இவற்றை எழுதுகிறேன்.

படி 1: கிண்ணத்தை விட்டு, கிளினிக் கொப்பியைப் பாருங்கள்

பிள்ளை சாப்பிடுவது போதுமா என்பதை மிச்சச் சோற்றை வைத்துச் சொல்ல முடியாது. கிளினிக்கில் நிறை பார்த்து அடையாளமிடுகிற வளர்ச்சிக் கோடுதான் அதைச் சொல்லும். கோடு மேல்நோக்கி ஏறுகிறது, பிள்ளை சுறுசுறுப்பாகத் தவழ்கிறது, சிரிக்கிறது, வழமைபோல் சிறுநீர் கழிக்கிறது என்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் உங்கள் பிள்ளைக்குத் தேவையானது கிடைக்கிறது.

இங்கே ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். 3 கிலோவில் பிறந்த பிள்ளை ஒரு வயதில் ஏறத்தாழ 9 கிலோ ஆகிறது. அதாவது முதல் ஆண்டில் 6 கிலோ கூடுகிறது. இரண்டாவது ஆண்டு முழுவதிலும் கூடுவது 2 முதல் 2½ கிலோ மட்டுமே. வளரும் வேகம் இப்படிக் குறையும்போது பசியும் குறையத்தான் செய்யும். முதலாவது பிறந்தநாளை ஒட்டி "முந்தி நல்லாச் சாப்பிட்ட பிள்ளை இப்ப சாப்பிடுறதில்லை" என்று தாய்மார் கவலைப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அது நோய் இல்லை.

கோடு இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாமல் படுத்திருந்தாலோ கீழே சரிந்தாலோ கதை வேறு. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே காட்டுங்கள். அவர் வீட்டுக்கு வரும் நாளிலேயே கேட்கலாம். நிறை குறைந்த பிள்ளைக்குக் கிளினிக்கில் திரிபோஷா தரக்கூடும். சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த இந்தச் சத்துமா 1970களிலிருந்து இலங்கையில் வழங்கப்படுகிறது. அந்தப் பொதி அந்தப் பிள்ளைக்கு உரியது. வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்துப் பகிர்ந்தால் பிள்ளையின் பங்கு இரண்டு கிழமையில் தீர்ந்துவிடும்.

படி 2: காரணத்தைத் தேடுங்கள்

திடீரென்று மறுக்கத் தொடங்கிய பிள்ளையின் வாயை முதலில் பாருங்கள். முரசு வீங்கிப் பல் முளைக்கிறதா, நாக்கில் வெள்ளை படர்ந்திருக்கிறதா, புண் இருக்கிறதா? தடிமன் பிடித்து மூக்கு அடைத்த பிள்ளையால் மூச்சு விட்டுக்கொண்டு விழுங்க முடியாது. காதுக்குத்து உள்ள பிள்ளைக்கு மெல்லும்போது வலிக்கும். மலம் இறுகியிருந்தாலும் பசிக்காது.

பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரை வீட்டில் மதியம் 12 மணிக்குச் சுடச்சுடச் சோறு என்றால் பெரியவர்களுக்கே இறங்காது. அந்த மாதங்களில் முக்கியமான உணவைக் காலை 7 மணிக்கும் மாலை வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். மதியத்துக்குத் தயிர்ச்சோறு, மசித்த பப்பாப்பழம் போன்ற குளிர்ச்சியான, இலேசான உணவு போதும்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. தாயின் வயிற்றில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஏறத்தாழ 6 மாதத்தில் தீரத் தொடங்கும். பிறகு உணவிலிருந்துதான் அது வர வேண்டும். இரும்பு குறைந்த பிள்ளைக்குப் பசியும் குறையும். பசி குறைந்தால் இரும்பு இன்னும் குறையும். கீழ் இமையின் உட்புறமும் உள்ளங்கையும் வெளிறியிருந்தால், மண், சுண்ணாம்பு, அரிசி எடுத்துத் தின்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். கடையில் "பசி மருந்து" வாங்காதீர்கள். பூச்சி மருந்தையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அதற்கு வயதும் அளவும் உண்டு. பசி எடுக்கட்டும் என்று கோரோசனை, வசம்பு உரைத்துக் கொடுப்பதும் வேண்டாம். அவற்றில் எது எவ்வளவு வயிற்றுக்குள் போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

நாவூறு கழிப்பதால் பிள்ளைக்குத் தீங்கில்லை. அதைச் செய்துவிட்டோம் என்று கிளினிக் போவதைத் தள்ளிப்போடுவதில்தான் தீங்கு.

படி 3: சாப்பாட்டுக்கு முன் வயிறு நிறைகிறதா என்று பாருங்கள்

ஒரு நாள் முழுவதும் பிள்ளையின் வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காலையில் அப்பா தன் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுத்த மாரி பிஸ்கட், 10 மணிக்குப் பக்கத்து வீட்டு அன்ரி கொடுத்த ரொபி, அழுதபோது கொடுத்த பால்மாப் போத்தல், தூங்கப் போக இன்னொரு போத்தல். எழுதிப் பார்த்தால்தான் "ஒண்டும் சாப்பிடுறதில்லை" என்ற பிள்ளை நாள் முழுவதும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தது தெரியும்.

தேத்தண்ணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பால் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் தேயிலையில் உள்ள தனின் உணவிலுள்ள இரும்பை உடல் எடுக்கவிடாமல் தடுக்கிறது. சின்னப் பிள்ளைக்குத் தேத்தண்ணி அறவே வேண்டாம். பசுப்பாலையோ வீட்டுக்கு வாங்கும் சாதாரண பால்மாவையோ ஒரு வயதுக்கு முன் குடிக்கக் கொடுக்க வேண்டாம். ஒரு வயதுக்குப் பிறகும் நாளொன்றுக்கு 500 மி.லீ.க்குள் நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் சோற்றுக்கு வயிற்றில் இடம் இருக்காது. தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. 2 வயது வரையும் அதற்கு அப்பாலும் கொடுக்கலாம். ஆனால் சாப்பாட்டுக்குச் சற்று முன் கொடுத்தால் பசி போய்விடும். ஒன்றரை மணித்தியால இடைவெளி விடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 6 முதல் 8 மாதப் பிள்ளைக்கு நாளுக்கு 2 அல்லது 3 வேளையும், அதற்கு மேல் 2 வயது வரை 3 அல்லது 4 வேளையும் உணவு சொல்கிறது. இடையில் பசித்தால் ஒன்றிரண்டு சிற்றுண்டி கொடுக்கலாம். அளவு பற்றி அஞ்சுகிறவர்களுக்கு: 9 முதல் 11 மாதத்தில் ஒரு வேளைக்கு 250 மி.லீ. கோப்பையில் பாதி போதும். ஒரு வயதைத் தாண்டியதும் முக்கால் முதல் முழுக் கோப்பை. பல வீடுகளில் பிள்ளைக்கு வைக்கிற கிண்ணம் இதைப் போல இரண்டு மடங்கு. பிள்ளை தன் பங்கைச் சாப்பிட்டு முடித்த பிறகும் மிச்சத்தைக் காட்டி நாம் கவலைப்படுகிறோம்.

படி 4: வயலிலும் குளத்திலும் கிடைப்பதைக் கிண்ணத்துக்குக் கொண்டுவாருங்கள்

வன்னியில் பிள்ளைக்கு நல்ல உணவு தேட ரின்னில் அடைத்த மாவுக்குப் போக வேண்டியதில்லை. இரணைமடுவும் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் நெல்லும் தருகின்றன, மீனும் தருகின்றன. திலாப்பியாவும் விராலும் பல ஊர்களில் கடல்மீனைவிட மலிவு. கரையோரத்தில் இருப்பவர்களுக்குப் பாரையும் சீலாவும் உண்டு. வீட்டுக் கோழியின் முட்டை, வேலி முருங்கையின் இலை, வளவில் பழுக்கும் பப்பாசி, பயறு, உழுந்து, கௌபி, கச்சான், குரக்கன், எருமைத் தயிர் எல்லாம் இந்த மண்ணில் விளைபவை, கிடைப்பவை.

ஆனாலும் பிள்ளைக்கு நாம் கொடுப்பது என்ன? பெரும்பாலும் வெறும் சோற்றுக் கஞ்சி. பருப்புத் தண்ணி. மீன் குழம்பின் மேல் தெளிவு. வயிறு நிரம்பும், சத்து இருக்காது. பிள்ளை குறைவாகச் சாப்பிடும் காலத்தில் ஒவ்வொரு வாயும் கனதியாக இருக்க வேண்டும். மீனின் தெளிவு வேண்டாம், மீனையே கொடுங்கள்.

தொடங்குபவர்களுக்கு ஒரு சட்டிச் சோறு: சிவப்பரிசி 2 மேசைக்கரண்டி, வறுத்த பயறு அல்லது மைசூர்ப் பருப்பு 1 மேசைக்கரண்டி. இரண்டையும் கழுவி, சிறு துண்டு பூசணிக்காய் சேர்த்துக் குழைய வேகவிடுங்கள். வெந்து வரும்போது முள் நீக்கிய மீன் துண்டு ஒன்றும் ஒரு கைப்பிடி முருங்கையிலையும் போடுங்கள். இலை பொடியாக அரியப்பட்டிருக்கட்டும். இறக்கியதும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் முதற்பால் அல்லது ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். ஆறிய பிறகு நாலு துளி தேசிக்காய்ப்புளி. புளிப்பு, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் எடுக்க உதவும். முள்ளை விரலால் தடவித் தேடுங்கள், கண்ணை நம்பாதீர்கள். ஒரு வயது வரை உப்பும் சீனியும் வேண்டாம். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் அதையும் தள்ளி வையுங்கள்.

மாற்றிக் கொடுக்க: முட்டை சேர்த்துக் கிளறிய குரக்கன் களி, சீனி போடாத ராசவள்ளிக்கிழங்குக் கஞ்சி, தேங்காய்ப்பால் விட்ட உழுத்தங்களி, மசித்த கௌபியும் மரவள்ளியும், கிழமைக்கு ஒரு தடவை ஒரு மேசைக்கரண்டி கோழி ஈரல். முட்டை, மீன், அரைத்த கச்சான் ஆகியவற்றை ஒரு வயது வரை ஒத்திவைக்கத் தேவையில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சிறிதளவில் தொடங்கி ஓரிரு நாள் கவனியுங்கள். தடித்துத் தடித்து வந்தாலோ உதடு வீங்கினாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

வயலுக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ காலை 6 மணிக்குப் புறப்படுகிற தாய்மாரால் இதையெல்லாம் மூன்று வேளையும் சமைக்க முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. வீட்டுக்கு வைக்கும் சோறு, பருப்பு, கீரை, மீன் ஆகியவற்றில் உப்பும் தூளும் போடுமுன் பிள்ளைக்கு ஒரு பங்கை எடுத்து வைத்தால் போதும். அது இரண்டு மணித்தியாலத்துக்குள் பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டும். வன்னி வெயிலில் அதற்கு மேல் வெளியே இருந்த உணவு வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும்.

படி 5: மசியலிலிருந்து மெல்ல வெளியே வாருங்கள்

ஒரு வயது தாண்டியும் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கொடுக்கிற வீடுகளில்தான் துப்புகிற பிள்ளைகளை அதிகம் காணலாம். 6 மாதத்தில் கரண்டியிலிருந்து வழியாத கெட்டி மசியல், 8 மாதத்தில் முள்ளுக்கரண்டியால் நசித்தது, 9 மாதத்தில் சிறு கட்டிகளும் கையில் பிடித்துத் தின்னும் மென்மையான துண்டுகளும், ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு. இந்த வரிசை பிந்தினால் மெல்லப் பழகும் பருவம் தவறிவிடும். பல் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம், முரசாலேயே பிள்ளைகள் மெல்வார்கள். பல்லுக்கொழுக்கட்டை கொட்டும் நாளுக்கு முன்பே அவித்த பூசணித் துண்டைக் கையில் கொடுக்கலாம்.

புதுக் கட்டி நாக்கில் பட்டதும் பிள்ளை ஓங்காளிக்கும். சத்தம் வரும், முகம் சிவக்கும், உணவை முன்னால் தள்ளிவிடும். அது உடலின் காவல், பயப்படாதீர்கள். சத்தமே வராமல், மூச்சு விட முடியாமல், உதடு நீலித்தால் அது புரைக்கேறி அடைத்தல். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. போகாவிட்டால் நிமிர்த்தி நெஞ்சின் நடுவில் இரு விரலால் 5 அழுத்தம். மாறி மாறிச் செய்துகொண்டே இன்னொருவர் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழைக்கட்டும். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள்.

முழுக் கச்சான், கடலை, முழுத் திராட்சை, ரொபி எதையும் சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டவிடாதீர்கள். காட்டில் பாலைப்பழமும் வீரைப்பழமும் பழுக்கும் காலத்தில் அண்ணன், அக்கா மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். கொட்டையை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் நசித்துக் கொடுங்கள். வன்னிக் காட்டுத் தேன் எவ்வளவு சுத்தமானாலும் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்து, சிசுவின் குடலில் முளைத்துத் தசைகளைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும்.

படி 6: தீத்தும் முறையை மாற்றுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான படி. ஏனென்றால் மாற வேண்டியவர்கள் பெரியவர்கள்.

பிள்ளையை ஓரிடத்தில் இருத்துங்கள். பாயில் இருக்கலாம், மடியில் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் அதே இடமாக இருக்கட்டும். வீட்டில் யாராவது ஒருவர் கூடவே இருந்து சாப்பிடட்டும். பிள்ளைகள் பார்த்துத்தான் பழகுகிறார்கள். போனையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். படம் பார்த்துக்கொண்டு வாய் திறக்கும் பிள்ளைக்குத் தான் சாப்பிடுவதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. காகம் காட்டி, மாடு காட்டி, வளவு முழுக்கத் துரத்தித் தீத்துவதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

கரண்டியைப் பிள்ளையின் வாய்க்கு முன் நீட்டிப் பொறுத்திருங்கள், வாய் திறந்தால் வையுங்கள். இன்னொரு கரண்டியை அதன் கையில் கொடுங்கள். சோறு நிலத்தில் கொட்டும், தலையில் பூசப்படும். கீழே ஒரு பழைய சாக்கை விரித்துவிட்டு விட்டுவிடுங்கள். தலையைத் திருப்பினால், வாயை இறுக்கினால், கரண்டியைத் தள்ளினால் போதும் என்று பொருள். ஒரு நிமிடம் கழித்து ஒருமுறை நீட்டலாம். மறுபடியும் மறுத்தால் முகத்தில் கோபம் காட்டாமல் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். எந்த வேளையும் 30 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கிண்ணத்தை எடுத்த பிறகு இரக்கப்பட்டுப் பிஸ்கட் கொடுக்காதீர்கள். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும், கொதித்தாறியதாக. தாய்ப்பால் கேட்டால் வழமையான நேரத்தில் கொடுங்கள்.

மூக்கைப் பிடித்து, கன்னத்தை அமர்த்தி, கால்களுக்கிடையில் கிடத்தி ஊற்றுவது இன்னமும் நடக்கிறது. உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து அதில் உண்டு. அதோடு, கரண்டியைக் கண்டாலே அழும் பிள்ளை அப்படித்தான் உருவாகிறது. இதை எந்த அன்பின் பெயராலும் செய்யக் கூடாது.

அளவைப் பிள்ளையிடம் விடுவது என்றால் நம்பிக்கை வராது, தெரியும். அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் 1920களின் பிற்பகுதியில் இதைத்தான் சோதித்தார். பால்குடி மறந்த 15 குழந்தைகளின் முன் தினமும் பலவகை உணவை வைத்தார். தாதியர் எதையும் புகழவோ ஊட்டிவிடவோ கூடாது. பிள்ளை கை காட்டியதை மட்டும் கொடுக்கலாம். ஒரு வேளை பிள்ளை முட்டையாகத் தின்னும், இன்னொரு வேளை பழம் மட்டும். ஒரு நாளை எடுத்துப் பார்த்தால் ஒழுங்கே இல்லை. மாதக்கணக்கில் பார்த்தபோது எல்லாப் பிள்ளைகளும் நன்றாக வளர்ந்திருந்தார்கள். இதில் மறக்கக் கூடாதது ஒன்று: அந்தத் தட்டுகளில் பிஸ்கட்டோ சீனியோ இல்லை. முன்னால் வைப்பது எது என்பதைப் பெரியவர்கள் தீர்மானித்திருந்தார்கள். பின்னாளில் எலின் சாட்டர் என்ற உணவியலாளர் பெற்றோரின் பொறுப்பு, பிள்ளையின் பொறுப்பு என்று பிரித்து எழுதியதும் இதே பாதையில்தான்.

படி 7: மறுத்த உணவைக் கைவிடாதீர்கள்

புது உணவைக் கண்டு பின்வாங்குவது பிள்ளைகளின் இயல்பு. இரண்டு வயதை நெருங்கும்போது அது இன்னும் கூடும். ஒரு உணவை ஏற்க 8 முதல் 15 தடவை வரை அதைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நாமோ மூன்றாம் நாளே "இவனுக்குக் கீரை பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பிடித்த உணவின் பக்கத்தில் ஒரு விரலளவு கீரையை வையுங்கள். தொட்டுப் பார்த்தாலும் ஒரு தடவை, நக்கித் துப்பினாலும் ஒரு தடவை. புகழவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். சில நாள் விட்டு மறுபடி வையுங்கள்.

காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் புது உணவு முயற்சியை நிறுத்திப் பிடித்ததை அடிக்கடி, சிறிது சிறிதாகக் கொடுங்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் கொடுங்கள், தாய்ப்பாலும் உணவும் தொடரட்டும். "வயிறு காயட்டும்" என்று பட்டினி போடாதீர்கள். குணமான பிறகு இரண்டு கிழமைக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இழந்த நிறை திரும்பும்.

படி 8: வீட்டிலுள்ளவர்களோடு பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்

தாய் வேலைக்குப் போகும் வீட்டில் பகலில் தீத்துவது அம்மம்மாவோ அப்பம்மாவோதான். தாய் ஒருவிதம், அம்மம்மா வேறுவிதம் என்றால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. ஆனால் பட்டினியைக் கண்டவரிடம் "நீங்கள் செய்யிறது பிழை" என்று சொல்வது கொடுமை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, நிறை சரியா ஏறுது எண்டு கிளினிக்கில சொன்னவை. அவன் தலையைத் திருப்பினா விட்டிடுவம். பின்னேரம் பசிச்சுக் கேப்பான், அப்ப நீங்களே குடுங்கோ." அவர் "எண்டாலும் ரெண்டு வாய் தீத்திப் பாக்கிறன் பிள்ளை" என்றால், முதல் கிழமை அந்த இரண்டு வாயோடு இருக்கட்டும். என்ன சமைப்பது என்பதை அவரிடமே ஒப்படையுங்கள். குரக்கன் களியும் ராசவள்ளிக் கஞ்சியும் அவர் கைக்குத்தான் நன்றாக வரும்.

எப்போது தாமதிக்கக் கூடாது

தண்ணீரும் பாலும்கூடக் குடிக்காத பிள்ளை, குடித்த எல்லாவற்றையும் சத்தியெடுக்கும் பிள்ளை, 6 மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காத பிள்ளை, கண்ணோ உச்சிக்குழியோ உள்வாங்கிய பிள்ளை, எழுப்பியும் சோர்ந்து கிடக்கும் பிள்ளை ஆகியோரை அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. வாகனம் இல்லையென்றால் 1990, கட்டணம் இல்லை.

விழுங்கும்போதெல்லாம் இருமுகிற பிள்ளை, ஒரு வயதுக்கு மேல் எந்தக் கட்டியையும் ஏற்காத பிள்ளை, நாலைந்து உணவைத் தவிர வேறெதையும் தொடாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளை ஆகியோரை, நிறை சரியாக இருந்தாலும் குழந்தை வைத்திய நிபுணர் பார்க்க வேண்டும்.

மற்றபடி, அடுத்த கிளினிக் நாளுக்கு அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வளர்ச்சிக் கோடு ஏறியிருப்பதைக் குடும்பநல உத்தியோகத்தரே விரல் வைத்து அவருக்குக் காட்டட்டும்.